குடைக்கு எட்டாத பள்ளம்

— மெதுவா, மெதுவா! அடியில இடிச்சிடுச்சு பாரு!

— இடிக்கல மாமா. கல்லு தெறிச்ச சத்தம்தான்.

— ஒங்கப்பா சீரா குடுத்த வண்டிம்மா இது. ஒரு கீறல் வுழுந்தாலும், சம்பந்தி சடையப்பனுக்கு ஒரு காரை வச்சிக்கத் தெரியலன்னு சொல்லுவாரு.

— எங்கப்பா அப்படிச் சொல்ல மாட்டாரு.

— சொல்ல மாட்டாரு. மனசுல நெனைப்பாரு. அது இன்னும் மோசம்.

— இதுக்குத்தான் உங்க புள்ள ஷிப்ட் முடிஞ்சு வந்தப்புறம் கம்மாபுரம் போலாம்னேன். முன்னாடி பாருங்க, தண்ணி ரோட்டையே அடைச்சிட்டு நிக்குது. திரும்பிடலாம் மாமா.

— நம்ம ஊரு இருந்த எடத்துல நாம திரும்பறதா? மைன்ஸுக்குன்னு வூட்டக் குடுத்தோம், கொல்லையக் குடுத்தோம். கோடையிலயும் வத்தாத கெணத்தக் குடுத்தோம். வழியையும் வுடணுமா? ஓட்டு, சண்முகப்பிரியா.

— ஆழம் தெரியாம விட்டா இன்ஜின்ல தண்ணி ஏறிடும். இருங்க, குடைய விட்டுப் பாத்துட்டு வரேன்.

— கணுக்கால் தண்ணிக்குக் குடையா! ஹேண்ட்பிரேக் போட்டியா?

— போட்டாச்சு. நீங்க உள்ளயே இருங்க.

— என்னம்மா, நீச்சல் அடிக்கலாமா?

— மாமா... தரை தட்டல.

— சேறா இருக்கும். நல்லா அழுத்து.

— பிடி வரைக்கும் போயிடுச்சு மாமா. ஓரத்துல செங்கல்லு இடிக்குது. சுத்திலும் வட்டமா கட்டுன மாதிரி...

— செங்கல்லா? வலப்பக்கம் ரெட்டைப் பனை நிக்குதா பாரு.

— நிக்குது. ஒண்ணு மொட்டை.

— பின்னால வந்துடு. ஓடாத. காலைப் பாத்து வை.

— ஏன் மாமா, என்னாச்சு?

— அது பள்ளம் இல்லம்மா, எங்க கெணறு. மண்ணக் கொட்டி மூடித்தான் ரோடு போட்டாங்க. மண்ணு உள்ள எறங்கிக்கினு இருக்கு.

— ஐயோ, முன்சக்கரத்துக்கிட்ட தாரு வெடிக்குது! எறங்குங்க மாமா!

— எறங்கிட்டேன், எறங்கிட்டேன். நீ எங்க ஓடற?

— ரிவர்ஸ் எடுத்துடறேன். ரெண்டு நிமிஷம்தான்!

— கதவுல கைய வைக்காத!

— எங்கப்பா குடுத்த வண்டி மாமா! நீங்கதானே கீறல் வுழக்கூடாதுன்னீங்க?

— போவட்டும், வுடு! வண்டிக்குன்னா ஒங்கப்பா முன்னால தலைகுனிஞ்சி நின்னுக்கறேன். ஒனக்கு ஒண்ணுன்னா என்னான்னு போயி நிப்பேன்?