பதினேழாம் நம்பர் டோக்கன்

– விரலை விரிங்க மாமா. ரெண்டு ஒடிஞ்சாச்சு, இன்னும் மூணு இருக்கு. சாவி என் கைக்கு வர்ற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன், கேட்டீங்களா?

– ஸ்பேனரைக் கீழ போடு மாப்ள. நெத்தி ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குது, உன் மூஞ்சியே சரியாத் தெரியல.

– தெரிய வேண்டாம். காது கேக்குதுல்ல? எங்கக்கா என் பட்டறைக்குள்ள கிடக்கா. உங்க பொண்டாட்டி. அடுக்கி வச்ச கிரில் கேட்டு அஞ்சும் சரிஞ்சு அவ இடுப்பு மேல கிடக்கு. தனி ஆளாத் தூக்கிப் பாத்தேன், இம்மியும் அசையல. பின் சந்தெல்லாம் ஓடி ஆள் தேடினேன், ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு கை கொடுங்கன்னு உங்ககிட்ட ஓடி வந்தா, சிரிக்கிறீங்க.

– சிரிக்காம? போன வருஷம் இதே மதகு ரூம்ல நின்னு என்ன சொன்ன? 'கடைசி வீட்டுக் கிழவி உள்ள இருக்கா, மதகைத் தூக்காதீங்க'ன்ன. அரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு நின்னோம். கிழவி மேட்டுல நிம்மதியாக் குந்தியிருந்தா. நீ உன் வெல்டிங் மிஷினை வண்டியில ஏத்திக்கிட்டிருந்த.

– அது வேற.

– அந்த அரை மணியில கிழக்குக் கரை உடைஞ்சு ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி பூந்துச்சு. கீழ் வார்டுல பதினோரு பேர் செத்தாங்க. நோயாளிங்களை மாடிக்குத் தூக்கிக்கிட்டிருந்த நர்ஸ் பொண்ணு அதுல ஒண்ணு. டெய்லரக்காவுக்கு இருந்ததே அந்த ஒரே பொண்ணு. அதுவும் வேறயா?

– அதுக்கு ஊரே காறித் துப்பியாச்சு. என் பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயாச்சு. தனிக்கட்டையா கிடக்கேன். இன்னும் என்னை என்ன செய்யணும்? இப்ப சொல்றது நிஜம் மாமா. என்னை இழுத்துட்டுப் போகத்தான் எங்கக்கா வந்தா. நான் வர மாட்டேன்னு பிகு பண்ணினேன். அவ என் கையைப் பிடிச்சு இழுத்தா, நான் உதறினேன், அவ போய் கேட்டுங்க மேல சாஞ்சா.

– கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் வாயை நம்பக் கூடாதுன்னுதானே தெருவே கூடி டோக்கன் வச்சோம். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு தகர டோக்கன். வீட்டைக் காலி பண்றவங்க வாசல் ஆணியில இருக்கிற டோக்கனை எடுத்துட்டு வந்து, இந்த ரூமுக்கு வெளிய பலகையில மாட்டணும். பலகை நிறைஞ்சா மூணு சைரன். அப்புறம் என் சாவி ஒண்ணு, டெய்லரக்கா கையில இருக்கிற தெருக் கமிட்டி சாவி ஒண்ணு. அவ்வளவுதான். இப்பத்தான் எண்ணிட்டு வந்தேன். அறுபத்திரண்டும் தொங்குது. உன் பதினேழும் தொங்குது.

– நான் மாட்டல.

– அப்ப உங்கக்கா மாட்டியிருப்பா. மாட்டிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பா.

– இடுப்பு நசுங்கிக் கிடக்கிறவ எப்படிய்யா மாட்டுவா? மூளை இருக்கா உனக்கு?

– 'நீங்க' போய் 'நீ' வந்தாச்சா. வரட்டும்.

– கேட்டியா, ரெண்டாவது சைரன். டெய்லரம்மா மாடியில சுத்துது. மூணாவது முடியறதுக்குள்ள அந்தச் சாவியை ஆத்துல வீசிடுவேன். அப்புறம் நீயும் நானும் போய் அவளைத் தூக்கறோம். இருபது நிமிஷம் போதும்.

– ஜன்னல் வழியா அளவுக் கம்பத்தைப் பாரு. சிவப்புக் கோட்டைத் தண்ணி தொட்டாச்சு. இருபது நிமிஷம் கரை தாங்காது. ஆஸ்பத்திரியில இருநூறு பேர் படுத்திருக்காங்க. ஒரு மாசத்து மழை இப்பெல்லாம் ஒரே நாள்ல கொட்டுது. அஞ்சு வருஷத்துல நாலு வெள்ளம். அதனாலதானே அரசாங்கம் வந்து, தாழ்வான தெருவை ஆத்துக்கு விட்டுக் கொடுங்க, மேட்டுல வீடு தரோம்னு கேட்டுச்சு. ஜனங்க சம்மதம் இல்லாம ஒரு சொட்டு விடக் கூடாதுன்னுதானே பூட்டையே ரெண்டாப் போட்டுச்சு.

– பெரிய சம்மதம். ஆபீசர் மேப்பை விரிச்சு நீலப் பேனாவால ஒரு இழுப்பு இழுத்தாரு. இருபது வருஷப் பட்டறை ஆறாப் போச்சு. மேட்டு வீட்டுல நான் வெல்டிங் அடிக்க இடம் எங்கன்னு கேட்டேன். அடுத்த கூட்டத்துல பேசலாம்னாரு. அந்தக் கூட்டம் இன்னும் நடக்கல, கேட்டியா?

– தெருவே கை தூக்குச்சு.

– நான் தூக்கல.

– அதுக்காக என் கையை ஒடைப்பியா?

– ஒடைப்பேன். இந்தா.

– ஐயோ அம்மா...

– கத்து. அவளும் இப்படித்தான் கத்தினா. கத்திக் கத்தி இப்ப முனகறா. மாமா, என்னால முடியல. இந்தாங்க, ஸ்பேனரைக் கீழ போட்டுட்டேன். உங்க காலைப் பிடிக்கிறேன். போன வருஷம் நான் செஞ்சது பாவம். அவளைத் தூக்கின அப்புறம் என்னைக் கொன்னு போடுங்க. இப்ப ஒரே ஒரு தடவை நம்புங்க.

– மாப்ள... அழறியா நீ?

– மூணாவது சைரன் முடிஞ்சுது. அந்தம்மா இறங்கி வருது. சொல்லுங்க மாமா, அதுகிட்ட நீங்க சொன்னாத்தான் கேக்கும்.

– தம்பி, மூணும் ஊதியாச்சு, சாவியைப் போட்டுட... யாரது? நீயா? நீ எப்படிடா இங்க நிக்கிற?

– டெய்லரம்மா, நீங்களாவது கேளுங்க. என் பட்டறையில...

– நீ எப்படிடா இங்க இருப்ப?

– அக்கா, சைரன் சுத்துற கம்பியைக் கீழ போடுங்க. அவன் கையில ஒண்ணும் இல்ல. அக்கா, வேண்டாம். ஐயோ, மண்டை பொளந்துடுச்சுக்கா. விழுந்துட்டான். விழுந்தவனை அடிக்காதீங்க, போதும்.

– உன் விரலெல்லாம் தொங்குதே. மூஞ்சியெல்லாம் ரத்தம். இவன் வேலைதானே?

– இவன்தான். செத்துட்டானா பாருங்க.

– மூச்சு இருக்கு. இவனுக்கெல்லாம் இருக்கும்.

– சரி, அப்படியே கிடக்கட்டும். எதுக்குக்கா உக்காந்துட்டீங்க? எழுந்திரிங்க. சாவியைப் போடுங்க.

– பட்டறையிலன்னு என்னமோ சொல்ல வந்தானே. என்னது அது?

– பழைய பாட்டுதான். போன வருஷம் கிழவி, இந்த வருஷம் என் பொண்டாட்டி. அவ பட்டறைக்குள்ள கேட்டுக்கு அடியில மாட்டிக்கிட்டாளாம்.

– உன் பொண்டாட்டியா? அவ மேட்டுக்குப் போகலையா?

– காலையிலயே பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. 'தம்பியை ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்'னா. வேண்டாம்னேன். சரின்னா.

– சரின்னு சொல்லிட்டா போக மாட்டாளா?

– அக்கா, உள்ளதைச் சொல்றேன், அவன் அழுதப்ப நானும் நம்பிடத்தான் பாத்தேன். ஆனா பதினேழு தொங்குதே. டோக்கனுக்குக் காலா முளைச்சுது? அவதானே கொண்டுவந்து மாட்டியிருக்கணும். வீட்டு ஆளைத் தவிர வேற யாரும் டோக்கனைத் தொடக் கூடாதுன்னு கூட்டத்துல ஒத்தைக் கால்ல நின்னது நீங்கதானே.

– நான்தான்.

– கடைசி ரவுண்டும் நீங்கதானே போனீங்க? எல்லா வாசல்லயும் குரல் கொடுத்தீங்கல்ல?

– கொடுத்தேன்.

– பதினேழுல?

– பதினேழுலயும் கொடுத்தேன்.

– அப்புறம் என்ன யோசனை?

– தம்பி, ஒரு பத்து நிமிஷம் பொறுத்தா என்ன?

– நீங்களா இதைக் கேக்கறீங்க? போன வருஷம் பொறுத்தோமே. உங்க பொண்ணை எந்த வார்டுல இருந்து தூக்கிட்டு வந்தாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? சாவியை இப்படிக் கொடுங்க. விடுங்க கையை. விடுங்கன்னா.

– மதகைத் தூக்கின பிறகு திரும்ப இறக்கலாம்ல?

– எங்க இறக்கறது, தண்ணி தள்ற தள்ளுக்கு? நாளைக்குத்தான் இனிமே. இதோ, ரெண்டு சாவியும் போட்டாச்சு. சக்கரத்தை அந்தப் பக்கம் பிடிங்க, எனக்கு ஒரு கைதான் இருக்கு. பிடிக்கலையா? சரி, நானே சுத்தறேன். ஒண்ணு.

– தம்பி, காலையில அவ குரல் எப்படி இருந்துச்சு?

– என்ன கேள்விக்கா இது? ரெண்டு.

– சொல்லேன்.

– மூணு நாளாத் தொண்டை கட்டிக் கிடக்கு அவளுக்கு. ஆம்பளை மாதிரி கரகரன்னு பேசறா. 'யாருடா அது, உன் தம்பி வந்துட்டானா'ன்னு நேத்துகூடக் கிண்டல் பண்ணினேன். மூணு. அப்பாடா, கதவு அசைஞ்சுடுச்சு. நாலு. எதுக்கு என் கையைப் பிடிக்கிறீங்க?

– போதும் தம்பி, நிறுத்து.

– இன்னும் ரெண்டு சுத்து. அஞ்சு. எங்க நிறுத்தறது, இனிமே தண்ணியே தள்ளித் திறந்துக்கும். ஆறு. கேக்குதா சத்தம்? தெருவுக்குள்ள இறங்கிடுச்சு. கடைசி வீட்டு ஓடெல்லாம் பறக்குது பாருங்க. கம்பத்துல ஒரு விரல் இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரி தப்பிச்சுதுக்கா. எல்லாம் உங்க டோக்கனாலதான். இப்ப எதுக்குத் தலையில அடிச்சுக்கறீங்க?

– பதினேழை நான்தான் ஆணியில இருந்து கழட்டிட்டு வந்தேன், தம்பி. உள்ள இருந்து கரகரன்னு ஒரு குரல் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு, இவன்தான்னு நினைச்சேன்.