ஆறு வருசம் கூட்டிச் சொன்ன வயசு

“வயசாம், வயசு. அந்த டொக்டர் என்ட முகத்தப் பாத்தாரா? இல்ல. ஐடென்டிகாட்டத்தான் பாத்தார். எழுவத்திரெண்டெண்டு கிடக்காம். அப்ப ஒப்பரேசன் யோசிச்சித்தான் செய்யணுமாம்...”

கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்த முகைதீன்பாவா இதை மூன்றாம் தடவையாகச் சொன்னார். மனைவி றபீக்கா இரத்தப் பரிசோதனை ரிப்போட் எடுக்கப் போயிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர் சித்தாண்டி ஊரைச் சேர்ந்த வினாயகமூர்த்தி. இருவருக்கும் ஒரே நோய், புரஸ்டேட்டில் கேன்சர். வினாயகமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒப்பரேசனுக்குத் திகதியும் கிடைத்துவிட்டது. அவர் தொடைகளை இறுக்கிக்கொண்டு கழிவறைக் கதவையே பார்த்திருந்தார்.

“உங்களுக்கென்ன தம்பி, இளம் உடம்பு. வெட்டின பிறகு மூத்திரம் கெதியா கட்டுக்கு வருமாம். வயசு போனா மாசக்கணக்காச் சொட்டுமாம். சொட்டட்டுமே. இப்ப மட்டும் என்ன, பைப்பு பூட்டியா இரிக்கு? பேரனுக்கு பேம்பர்ஸ் வாங்கக்குள்ள பெரிய சைஸ் ஒண்டு எனக்கும் வாங்கினாப் போச்சி.

மத்த விஷயமும் போயிருமாம். பொஞ்சாதிய பக்கத்துல வெச்சிக்கிட்டுக் கேக்குறார், இப்ப எப்பிடியெண்டு. நான் வாயத் திறக்க முன்ன அவள் சொல்றாள், ‘அது போய் ஒம்பது வருசம் டொக்டர்.’ எழுதிட்டார் தம்பி. பேனையால எழுதிட்டார்.

வெட்டி எறிஞ்சா ஒரே நாளோட போயிரும். ரேடியேசன் கரண்ட் புடிக்கிறதெண்டா எத்தின நாள் பஸ்ஸுல அலையுற? வாழைச்சேனையில என்ட வலைக்கடைய ஆர் பாக்குற? வலைக்கட்ட இப்பவும் ஒத்தையாத் தூக்குவன். பாலத்துல சைக்கிள் மிதிச்சா இளந்தாரிமாரும் பின்னுக்குத்தான். எனக்கு எழுவத்திரெண்டு இல்ல தம்பி... அறுவத்தாறு.”

வினாயகமூர்த்தி முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். முகைதீன்பாவா குரலைத் தாழ்த்தினார்.

“எழுவத்தேழாம் ஆண்டு. சவூதிக்கு ஆள் எடுத்தாங்க. இருவத்திமூணு முடிஞ்சிரிக்கணும் எண்டான் ஏஜன்ட். எனக்குப் பதினெட்டு. காட் எடுக்கக்குள்ள ஆறு வருசத்தக் கூட்டிச் சொல்லிட்டன். மீசையும் இரிந்திச்சி, ஒருத்தரும் கேக்கல்ல.”

அவர் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

“இப்ப உண்மையச் சொன்னா டொக்டர் திருப்பி யோசிப்பார். ஆனா றபீக்கா பக்கத்துல இருப்பாளே. அவளுக்கு அறுவத்தெட்டு. நாலு வயசு மூத்த மாப்பிள்ளையெண்டு நினைச்சித்தான் கட்டினாள். நான் ரெண்டு வயசு எளையவன். நாப்பத்திமூணு வருசமா நீங்க, வாங்க, சாப்பிடுங்க எண்டு மரியாதையா... நானும் மூத்த ஆள் கணக்குல எவ்வளவு புத்தி சொல்லிரிக்கன்.”

வினாயகமூர்த்தியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எழுந்து கழிவறைக்கு ஓடினார். முகைதீன்பாவா நிமிரவில்லை.

“சொல்லாம இரிந்திரலாம். ஆனா இது பரவினா வயசு பாக்காதாம். பயமாத்தான் இரிக்கு தம்பி.”

நிமிர்ந்தார். பக்கத்தில் றபீக்கா, ரிப்போட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரமாக என்று அவர் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து தாதி அவர் பெயரைக் கூப்பிட்டாள்.

றபீக்கா ரிப்போட்டை அவர் கையில் திணித்தாள்.

“எழும்பு,” என்றாள். “உள்ள போய் அறுவத்தாறெண்டு சொல்லு.”