சைகோன் டைப்ரைட்டர்

அந்தமானில் ஒரு காண்ட்ராக்டரிடம் பார்த்த சமையல் வேலையை விட்டுவிட்டு, மூட்டையோடு நடந்து வந்து கராச்சர்மா ஊர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் காரைக்கால்காரப் பையன் ஒருவன் தன் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஏ அடிச்சா க்யூ விழுவுது மாமா.”

“சர்க்கார் மிசின் ரிப்பேரா?”

“மிசின் நல்லாத்தான் இருக்கு. என் விரல்தான் ரிப்பேர்.”

“அரே, புரியிற மாதிரி சொல்லு மாப்ள.”

“படிக்கிறப்ப சைகோன் போனேன்ல? மெட்ராஸ்ல விக்கிறதுல பாதி விலைன்னு அங்க ஒரு டைப்ரைட்டர் வாங்குனேன். அங்க பிரெஞ்சுக்காரன் ஆட்சில்ல, அது பிரெஞ்சு மிசின், எழுத்தெல்லாம் இடம் மாறியிருக்கும். அதுலயே பழகிட்டேன்.”

“இங்கிலீஷ் மிசினத் தொட்டுக்கூடப் பாக்கலியா?”

“எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன்.”

“அப்ப கிளார்க்கு வேலை?”

“டெஸ்ட்ல நான் அடிச்ச பேப்பரப் பாத்து ஆபீஸ் சாகிப் சிரிச்சாரு. ‘ஜாவ்’, போன்னுட்டாரு.”

“பாதி விலை குடுத்த, பாதி எழுத்துதான் வந்திருக்கு.”

பையன் சிரிக்கவில்லை. “மெயின்லேண்ட் திரும்பிப் போகக் கப்பல் சார்ஜுகூட இல்ல மாமா” என்றான். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை கப்பல் ஜெட்டியில் மரம் தூக்க ஆள் எடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் அந்த பஸ் பையன் நின்றான்.

“படிச்சவன் ரெண்டு நாள்ல ஓடிடுவான். நீ படிச்சவனா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“இல்லிங்க” என்றான்.

அவனுக்கு அடுத்ததாக என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.