ஜெர்மனி ரோட்டில் நிச்சயச் சேலை

காலை ஒன்பதே காலுக்குத் திருச்சுழி பஸ் அருப்புக்கோட்டையை விட்டுக் கிளம்பியது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

"உங்க மக அணுகுண்டு வேணாம்னு சொல்லட்டும் மதினி. அதுக்கு நிச்சயச் சேலையைக் கட்டிக்கிட்டா ஜெர்மனி ரோட்டுல உக்காரணும்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கூட்டத்துல தனியாத் தெரியணுமாம். தெரிஞ்சிருச்சுல்ல? போட்டோவுல நாலு போலீஸு தூக்கிட்டுப் போறான். எம் மகளப் பெத்ததுக்கு நான் சம்பந்தி வீட்டுக்கு ஆப்பிளத் தூக்கிட்டுப் போறேன்."

"மொகந்தான் சரியாத் தெரியலையே, அவுக எப்படிக் கண்டுபிடிச்சாக?"

"அவுக தறியில நெய்த சேலை. பார்டர் போதாதா?"

"அது யாரு குண்டு மதினி?"

"அமெரிக்காக்காரன் கொண்டாந்து வச்சதாம். எடுக்கச் சொல்லுவோம்னு ஓட்டு வாங்குன கட்சியே இப்ப இருக்கட்டும்ங்குதாம். ரஷ்யாக்காரன் பயம். அந்த ஊர்க்காரனே வாய மூடிட்டான், படிக்கப் போன இவளுக்கு என்ன கேடு?"

போன் அடித்தது. ஜன்னலோரப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க சம்பந்தி... வந்துக்கிட்டே இருக்கோம்... சரிங்க... சரிங்க."

"கல்யாணம் நடக்குமா மதினி?"

"நடக்குமாம். நாலு பேரு இழுத்தும் ஒரு இழை விடலைன்னு சம்பந்தி அந்தப் போட்டோவத் தெருப்பூரா காட்டுறாராம்."

"அப்புறம் என்ன?"

"சம்பந்தியம்மா சொல்லிட்டாகளாம். முகூர்த்தச் சேலைய மணமேடைக்குப் போறப்பத்தான் கையில குடுப்பாகளாம்."