கிரகணப் பாடத்துக்கு நல்ல நேரம்

பாகூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் கிரகணப் படம் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். அவர்தான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கெழம பன்னெண்டு மணி வரைக்கும் ராகு காலமாம்டி. புதுப் பாடம் ஆரம்பிக்கக் கூடாதுன்னுட்டாரு எச்.எம்.”

“இன்னா பாடம்?”

“கிரகணம்! பாம்பு வந்து சூரியன முழுங்கல, நிலாதான் குறுக்க வருதுன்ற பாடம். அத ராகு காலத்துல நடத்தக் கூடாதாம்!”

“அய்ய! நீ இன்னா பண்ண?”

“இன்னா பண்றது? பழைய பாடத்தையே படிங்கன்னு ஒக்கார வச்சேன். ராகு காலம் முடியட்டும்னு அவரே வந்து பசங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரு. பன்னெண்டு அடிச்சப்பறம், பீரியடு கடைசி பத்து நிமிஷத்துல படத்த மாட்டி, ராகுன்ற பாம்பெல்லாம் கட்டுக்கதைன்னேன். ஒரு பொண்ணு எழுந்து, ‘பாம்பே இல்லன்னா, இவ்ளோ நேரம் யாருக்கு மிஸ் பயந்துகினு ஒக்காந்திருந்தோம்?’னு கேக்கறா.”

“நீ இன்னா சொன்ன?”

டீச்சர் படத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

“பெல் அடிச்சிடுச்சி, சாப்பிடப் போங்கன்னேன்.”