ஒன்றரை ஓம் காயில்

தம்பி இனியவன், நம் பழைய கார் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பந்தலுக்கு எத்தனை மூங்கில் என்று விசாரிப்பது போல. கேட்க வேண்டியது, பிளக்குக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் காயிலைப் பற்றி.

பழைய வண்டியில் பாயிண்ட் என்று ஒரு சின்ன சாமான் உண்டு. இரண்டு உலோக முனைகள் தொட்டு விலகும். விலகும்போதெல்லாம் பிளக்கில் பொறி விழும். முனை கரியும், தேயும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் பார்த்தால் போதும் என்று புத்தகத்தில் போட்டிருப்பான். அரியாங்குப்பத்தில் என் சிநேகிதன் கமலக்கண்ணனின் எழுபத்தெட்டாம் வருடத்து பியட்டுக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கிறவன் நான்.

மின்துறையில் ஓய்வு பெற்று பதினொரு வருடம். மூலக்குளத்தில் நானும் நான்கு சுவரும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் பானெட்டைத் திறந்தால், எட்டு மணிக்கு அந்த வண்டி போடும் உறுமலில் தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் நின்றுவிடும். அதற்குள் கமலக்கண்ணன் மனைவி செல்வாம்பாள் இட்லித் தட்டோடு வந்துவிடுவாள்.

"வாங்கண்ணே, கைய கழுவுங்க. எம் புருசன் தொட்டா இந்த வண்டிக்கே கோவம் வருது."

"இவன் அடுத்த வார இட்லிக்காவ எதையாவது கெடுத்து வச்சிட்டுப் போறானோன்னு எனக்கு சந்தேகம்டி," என்பான் அவன். மூன்று பேரும் சிரிப்போம். நான்தான் அதிகமாகச் சிரிப்பேன்.

சித்திரை மாதத்தில் செல்வாம்பாள் சொன்னாள்: "அண்ணே, பாயிண்ட்டுக்குப் பதிலா எலெக்ட்ரானிக்குனு ஒண்ணு வந்திருக்காமே. மாட்டுனா பத்து வருசத்துக்குத் தொடவே வேணாமாம். நீங்களே நல்லதா பாத்து மாட்டிடுங்க. இந்த மூட்டு வலியோட எதுக்கு வாரா வாரம் அலையறீங்க?"

"அப்ப நான் வர வேணாங்கிறியா?"

"அட, காருக்காவ வர வேணாம்னேன். சும்மா வாங்க."

நல்ல மனசு. ஆனால் வேலையில்லாமல் ஒரு வீட்டுக்குள் போய் எப்படி உட்காருவது? முதல் வாரம் இட்லி வரும். இரண்டாம் வாரம் காபி வரும். மூன்றாம் வாரம், "அவரு தூங்குறாரு அண்ணே."

ஆகவே மூன்று வாரம் உட்கார்ந்து ஆராய்ந்தேன். சந்திரனுக்கு ராக்கெட் விட்டவர்கள்கூட அவ்வளவு ஆராய்ந்திருக்க மாட்டார்கள். நான் தேர்ந்தெடுத்த செட்டில் ஒரு குறையும் கிடையாது. மூன்று ஓம் மின்தடை உள்ள காயிலோடுதான் பூட்ட வேண்டும் என்று அதன் கையேட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒன்றரை ஓம் காயிலைப் பூட்டினால் மின்சாரம் இரண்டு மடங்கு பாயும். இருபது நிமிடம் ஓடியதும் செட் கொதித்து, வண்டி நின்றுவிடும். கால் மணி ஆறினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். பார்வைக்கு இரண்டு காயிலும் ஒன்றுதான். மீட்டர் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நான் ஒன்றரை ஓம் காயிலைப் பூட்டினேன்.

கழற்றிய பாயிண்ட்டை டிக்கியில் போட்டு வைப்பது நம் ஆட்கள் வழக்கம். வழியில் நின்றால் பழையதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். வாசகர்கள் தவறாமல் அப்படிச் செய்யவும். நான் அதை என் வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஒரு மாதம் அருமையாக நடந்தது. வண்டி நிற்கும், போன் வரும், நான் போவேன். "புது சாமான், கொஞ்சம் செல்லம் கொஞ்சுது," என்பேன். இட்லி வரும்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு போன்.

"டேய் ஜானகி, இருவது நிமிசமா நெரிசல்ல ஊந்து வந்து, அரியாங்குப்பம் பாலத்துல வண்டி நின்னுடுச்சிடா. செல்வாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். பின்னால ஒரு ஆட்டோ நிக்குது. மாத்தி ஏத்திடட்டுமா?"

"பதறாத. நெஞ்சு வலிக்கிற ஆள எறக்கி ஏத்தக் கூடாது. கால் மணி ஆறட்டும், தானா ஸ்டார்ட் ஆவும்."

நியாயமான அறிவுரைதான். அந்த நெரிசலில், வெயிலில், வலியோடு ஒரு பெண்பிள்ளையை நடத்துவதா? இன்னொரு காரணமும் இருந்தது. வண்டியைப் பாலத்தில் விட்டு ஆட்டோவில் போனால், போலீஸ்காரர் ஒரு மெக்கானிக்கை வரவழைப்பார். அவன் மீட்டர் வைப்பான். முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காரணம். நெரிசலும் வெயிலும் பிற்பாடு வந்தவை.

போனில் அவள் குரல் கேட்டது. "அண்ணன் என்னா சொல்றாரு?"

"இருக்கச் சொல்றான்."

"அப்ப இருங்க. அவருக்குத் தெரியும்."

பதினேழாவது நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. என் கணக்கில் இரண்டு நிமிடம்தான் பிசகு. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாமாம். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

காரியங்கள் முடிந்து ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் மூன்று ஓம் காயிலை மாட்டினேன். இப்போது வண்டி தேர் போல ஓடும். கமலக்கண்ணன் அதைத் தொடுவதில்லை. எனக்கு இட்லி வேக வைக்கத் தெரியாது, கடையில் வாங்கிப் போகிறேன். சில நாள் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருக்கிறோம். ஞாயிறு மட்டுமில்லை, தினமும் போகிறேன். எதற்கு வந்தாய் என்று அவன் கேட்டதே இல்லை. துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அந்த நேரத்துல ஜானகி போன்ல இருந்தான், அதான் தைரியமா இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்கும்போது தட்டில் கை வைக்க முடிவதில்லை.

தம்பி, மலரில் காயில் பற்றிய பத்தியை மட்டும் போடுங்கள், மற்றதை வெட்டிவிடுங்கள். கமலக்கண்ணன் நம் மலரை எழுத்து விடாமல் படிப்பவன். பெண்டாட்டியையும் பறிகொடுத்துவிட்டான், மிச்சம் இருக்கிற ஒரே சிநேகிதனையும் அவன் இழக்கும்படி செய்ய எனக்கு மனசு வரவில்லை.