புது வண்டியின் இடப்பக்க இருக்கை

மாலை ஆறரை மணி. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலை மலையிலிருந்து பனி மெல்ல மெல்ல ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது... கடைசி பஸ் போய்விட்டால் அந்தப் பாதையில் நாய்கூட நடமாடாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். லைட்டை அணைத்தால் நல்லது... வேண்டாம், இருக்கட்டும்.

இது நம் துஷாந்தின் மச்சானுக்கு நடந்தது. துஷாந்த் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் இந்தப் பேச்சை எடுக்க முடிகிறது. இருந்தால் எழுந்து போய்விடுவான். செத்துப்போனவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா, விதுஷா.

மச்சானின் பெயர் நிமலன். மரக்கறி ஏற்றிக்கொண்டு மொனராகலைக்கு ஓடுகிறவன். அவனிடம் பழைய லொறி ஒன்று இருந்தது. கடையில் வாங்கிய லொறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வண்டியின் முகம், இன்னொரு வண்டியின் எஞ்சின், பலாப் பலகையில் அடித்த பெட்டி... கராஜில் மாதக்கணக்காகக் கிடந்து அவனே சேர்த்துக் கட்டியது. கலியாணம் முடிந்ததும் விதுஷாவுக்காகத் தன் பக்கத்தில் மெத்தை வைத்த இருக்கை ஒன்றையும் பொருத்தினான். அவளுக்கு வளைவு வந்தால் தலை சுற்றும். தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலைக் கசக்கி மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வருவாள். ஆனாலும் வராமல் இருக்கமாட்டாள்.

பிள்ளை உண்டான பிறகு ஒரு நாள் இருவரும் பதுளையில் வண்டி விற்கிற ஹுமைத் நானாவிடம் போனார்கள். அங்கே ஒரு புது டீசல் கெப் நின்றது. பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டு, முன்னால் காரில் இருப்பது மாதிரி இருக்கைகள். விதுஷா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இறங்க மனமில்லை.

"இது ஆடாம போகும்போல இருக்குங்க. புள்ள வேற வரப்போகுது. லொறிய குடுத்துட்டு இத எடுப்போமே."

நிமலன் சிரித்தான். "இதுல ஒன்னு ஒடஞ்சா யாருகிட்ட போய் நிக்கிறது? நம்ம லொறியில ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். அது நம்மள நடுரோட்டுல விடாது."

அவள் இறங்கிவிட்டாள்.

விட்டது. நடுரோட்டில்தான் விட்டது. நிறைமாதம். வலி எடுத்த இரவு, கொட்டுகிற மழை. அவர்கள் குடியிருந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போகும்போது ஒரு சின்னப் பாலம் வரும். அதைத் தாண்டியதும் பைன் காட்டு வளைவு, அங்கே ரோடு செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நிமலன் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மழைக்குள் நின்று எதையெதையோ கழற்றினான், மாட்டினான். போனில் சிக்னல் இல்லை. லொறிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்... கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்... பிறகு கூப்பிடவில்லை.

பிள்ளை வயிற்றில் இருக்க, அப்படியேதான் அடக்கம் செய்தார்கள். அப்படிப் போகிறவள் திரும்பி வருவாள் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் பயம். குழி மேட்டிலிருந்து லயத்து வீட்டு வாசல் வரைக்கும் கடுகு தூவிக்கொண்டு வந்தார்கள். எழுந்து வருகிறவள் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடுமாம். எல்லாம் சரி... ஆனால் விதுஷா எந்தக் காலத்தில் நடந்து வந்தாள்? மயானத்து வாசலில் நின்ற லொறியை ஒருத்தரும் நினைக்கவில்லை. நிமலன் அதை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு லொறிக்குள் தோடம்பழத் தோல் மணக்கத் தொடங்கியது. ஏற்றிய கோவா இலைகள் அழுகிய நாற்றத்தையும் மீறிக்கொண்டு மணந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டாலும் போகவில்லை. வளைவு வந்தால் கூடும். நேர்பாதை வந்தால் குறையும்.

நிமலன் பயந்தானா? இல்லை. சந்தோஷப்பட்டான், பாவி. வளைவுகளில் பூப்போலத் திருப்பினான். இரவில் வீட்டுக்குள் படுக்காமல் லொறிக்குள் போய்ப் படுத்தான். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. ஒரு நாள் அவனுடைய தாய் அங்கம்மா அவனை எழுப்பப் போய், லொறிக்குள் தலையை விட்டவள் அப்படியே வெளியே இழுத்துக்கொண்டாள்.

"இத வித்துரு அய்யா. அவ இதுலதான் குந்தியிருக்கா. ஒன்னயும் கூட்டிக்கிட்டுப் போயிருவா."

நிமலனும் அதைத்தான் நம்பினான். அவள் லொறியில்தான் இருக்கிறாள். அவளை யாருக்கு விற்பது? அதே நேரம், அவளைக் கொன்றதும் அந்த லொறிதான். அதைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது, பார்க்காவிட்டாலும் இருக்க முடியவில்லை. தாயின் தொணதொணப்புத் தாங்காமல் கடைசியில் ஹுமைத் நானாவிடம் போனான்.

விதுஷா ஏறிப் பார்த்த அதே கெப் இன்னும் அங்கேதான் நின்றது. யாரும் எடுக்கவில்லை. லொறிக்கு மட்டும் மொனராகலையில் ஓர் ஆள் இருந்தான், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

"லொறி இங்க நிக்கட்டும் தம்பி," என்றார் நானா. "இண்டைக்கு இத வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க. காலைல லொறியா கெப்பா எண்டு சொன்னாப் போதும். ஒண்டு, பெல்ட் போடாம ஆள் இருந்தா இது கத்தும். சீட்டுல பாரம் பட்டாலே தெரிஞ்சிரும்."

நிமலன் லொறியில் ஏறி அவளுடைய இருக்கையில் கையை வைத்தான். "காலையில வந்துர்றேன்," என்றான். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற முதல் இரவு அது. கதவைச் சாத்தும்போது அழுதுவிட்டான் என்று ஹுமைத் நானாவே சொன்னார். வண்டி விற்கும்போது அவர் ஆயிரம் பொய் சொல்வார், இதில் சொல்லமாட்டார்.

அப்படித்தான் அந்த ஆறரை மணிக்கு நிமலன் அந்தப் பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தான். கெப்பில் கடகடப்பு இல்லை. ஆட்டம் இல்லை. புது பிளாஸ்டிக் வாடை மட்டும். லைட் வெளிச்சத்தில் பனி சுருண்டு சுருண்டு விலகியது. பைன் காட்டு வளைவு வந்தது. இறக்கத்தில் வண்டி மெல்ல இறங்கியது.

டிங்... டிங்... டிங்...

முன்னால் சிவப்பாக ஒரு பெல்ட் அடையாளம் எரிந்தது. நிமலன் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். போட்டுத்தான் இருந்தது. இடப்பக்கம் பார்த்தான். வெறும் இருக்கை. பை இல்லை, சாமான் இல்லை, ஒன்றுமே இல்லை.

டிங்... டிங்... டிங்...

பாலத்தடியில் நிறுத்தினான். புது வண்டி, ஏதோ பிழை என்று நினைத்து இருக்கையைத் தடவப் போன கை பாதியில் நின்றது. பிளாஸ்டிக் வாடை போய்விட்டிருந்தது. தோடம்பழத் தோல்... அப்போதுதான் கசக்கிய தோல்...

அவள் லொறியில் இருக்கவில்லை. இத்தனை நாளும் அவனோடுதான் இருந்திருக்கிறாள்.

நிமலன் அந்தப் பக்கத்து பெல்ட்டை மெதுவாக இழுத்து, குறுக்கே கொண்டுவந்து, மாட்டினான். கிளிக். சத்தம் நின்றது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெறும் இருக்கையில் மாட்டிய பெல்ட் எப்படி இருக்கும்? தட்டையாக ஒட்டிக் கிடக்கும், இல்லையா? அது ஒட்டிக் கிடக்கவில்லை. நிறைமாத வயிற்றைச் சுற்றிப் போட்டது போல எழும்பி நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகியது... தளர்ந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி இறுகியது... தளர்ந்தது. வலி வந்துவந்து போகிற மாதிரி.

அவளுக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. அந்த இரவு அவளுக்கு இன்னும் முடியவில்லை.

நிமலன் வண்டியைத் திருப்பினான். "கொஞ்சம் பொறுத்துக்க புள்ள. இந்தா போயிரலாம்... இந்தா போயிரலாம்." அந்த ஏற்றத்தைக் கெப் ஒரே மூச்சில் ஏறிக் கடந்தது. அவ்வளவுதான், ஒரு மூச்சு. அவள் கேட்டபோதே இதை எடுத்திருந்தால்... பதுளை வரைக்கும் அவன் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினான்.

பெரியாஸ்பத்திரி வாசல். ஓடிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தான், பெல்ட்டைக் கழற்றினான். அது சர்ரென்று உள்ளே போய்விட்டது. யாரும் இறங்கவில்லை. தோல் வாசனையும் இல்லை. திறந்த கதவைப் பிடித்தபடி அவன் பைத்தியக்காரனைப் போல நின்றான்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி மழைக்கோட்டோடு கிட்டே வந்தார். சிங்களவர், தெரிந்த தமிழில் பேசினார். "வண்டி அங்கால போடுங்க மாத்தயா. நோனா உள்ள போனது."

"எந்த நோனா? எந்தப் பொம்பள?"

"இப்ப எறங்கினது. வயிறு புடிச்சிக்கிட்டு போனது. பயம் வேணாம், உள்ள பாப்பாங்க."

மறுநாள் காலையில் மொனராகலைக்காரன் வந்து காத்துக்கொண்டிருந்தான். நிமலனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கெப் ஆஸ்பத்திரியில் நிற்பதாக யாரோ சொல்லி ஹுமைத் நானா ஓடிவந்தார். பிரசவ வார்டுக்கு வெளியே வாங்கில் நிமலன் உட்கார்ந்திருந்தான். கண் கதவிலேயே இருந்தது.

"தம்பி, அந்தாள் நிக்கிறார். லொறியா கெப்பா, ஒரு முடிவச் சொல்லுங்க."

"கொஞ்சம் இருங்க நானா," என்றான் நிமலன். "இன்னும் கூப்பிடல."

நானா சாவியை வாங்கிக்கொண்டு கெப்பை எடுக்கப் போனார். பிரிக்காத பொலித்தீன் உறையோடு இருந்த இடப்பக்க இருக்கையில், நடுக் குழிவில் தண்ணீர் தேங்கியிருந்தது. மழை ஒழுகியிருக்கும் என்று நினைத்தார். கண்ணாடியெல்லாம் இறுக்கமாக ஏற்றியிருந்தது. லேஞ்சியை எடுத்துத் துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று பிள்ளைக்குத் தகப்பன் அவர். பனிக்குடம் உடைந்த தண்ணீர் எது, மழைத் தண்ணீர் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவு முழுக்கப் பனியில் நின்ற வண்டி அது. அந்தத் தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது.